மேரக்காய் ரொட்டி ஏலம்

அந்த லாரி இப்போதைக்கு நகராது தம்பி. கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டால் கிரேன் வந்துதான் தூக்க வேண்டும். கிரேன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். உங்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கிறது, வேடிக்கை பாருங்கள். என்ன கேட்டீர்கள்? அந்த மரத்தில் தொங்குகிற பச்சைக் காயா? கொய்யா இல்லை. மரமும் அதன் மரம் இல்லை. அது கொடி, மரத்தை மூடிவிட்டது. மேரக்காய் என்போம் நாங்கள். கீழே உங்கள் பக்கம் சௌசௌ என்பீர்கள்.

நான் சிரிக்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் மேரக்காயைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் பேசுகிற ஆளும் இல்லை. தராசு ஏசடியான் பஸ்ஸில் ஒரு புது ஆளிடம் வாய் ஓயாமல் பேசினான் என்று கோத்தகிரியில் போய்ச் சொல்லுங்கள், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். தேயிலை எஸ்டேட்டில் இலை நிறுத்தவன் நான். பெண்கள் கூடையோடு வரிசையில் வருவார்கள். முள்ளைப் பார்ப்பேன், எடையைச் சொல்வேன். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்; பாவமாக இருந்தால் எடை தப்பும். அதனால் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அப்படியே பழகிவிட்டது. ஆனால் ஒன்று, ஒரு பொருளைக் கூர்ந்து பார்த்தால் அதில் என் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை.

வேலையை விட்டு வந்த பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மேரக்காய் நட்டேன். ஒரே ஒன்று, தம்பி. அது பந்தலை மூடியது, கோழிக்கூண்டை மூடியது, தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. காலையில் பறித்த இடத்தில் சாயங்காலம் இன்னொன்று தொங்கும். கூட்டு, பொரியல், சாம்பார், துவையல் என்று எல்லாம் வைத்து, என் வீட்டுக்காரி எப்சி கடைசியில் சொன்னாள்: "ஏங்க, இனிமே ஒரு காய் இந்த வாசப்படி ஏறிச்சுன்னா நான் எறங்கிருவேன்."

ஊருக்குக் கொடுக்கலாம் என்றால் ஊரில் எல்லார் வீட்டிலும் அதே கொடி. பையோடு நான் தெருவில் இறங்கினால் கதவுகள் சாத்தப்படும். தபால்காரர் மணி அடிக்காமல் கடிதத்தைச் செருகிவிட்டு ஓடுவார். பக்கத்து வீட்டுச் சரளாவின் பசுவுக்குப் போட்டேன். ஒரு வாரம் தின்றது. அப்புறம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மிச்சம் இருந்தது கோயில்தான். எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள், வருகிற பணம் சபைக்கு. இதில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்துக் கேளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இல்லை. "திரும்ப!" என்று கை காட்டினால் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பொருளையும் மேடைக்கே திருப்பிவிடலாம். மறுபடி ஏலம். மறுபடி "திரும்ப!" ஒரு சேவல் எட்டுப் பேர் கைமாறி, கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாமல் போதகர் வீட்டுக் கூண்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பொருளுக்கு அது பெரிய மரியாதை.

ஏலம் விடுகிறவன் ஆசீர். எப்சியின் தம்பி, என் மச்சினன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெஸ் நடத்துகிறான். அவனுக்கு மைக் தேவையில்லை, அவன் குரலுக்குக் குன்னூரில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்த ஆசீரைப் பற்றித்தான் என் மனக்குறை எல்லாம். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்வதே அவனுக்கு வேலை. "அத்தான், இட்லியும் தராசுல வச்சுத்தான் திம்பீங்களா?" "அத்தான், அக்காவை எடை போட்டுத்தான் கட்டினீங்களா?" ஞாயிறு தவறாமல் ஜீப்பைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிக்கொண்டு போவான், வழியெல்லாம் கிண்டல். நான் காய்ச்சலில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தான், கஞ்சியோடு கிண்டலும். என் கையால் ஆன ஒரு காரியத்தை அவன் "நல்லா இருக்கு அத்தான்" என்று சொன்னதில்லை. ஒரு தடவைகூட இல்லை.

போன பண்டிகைக்கு முந்தின பண்டிகை. நல்ல காயாகப் பொறுக்கி, கழுவித் துடைத்து, ஒரு மூட்டை வைத்தேன். ஆசீர் அதைத் தூக்கினான். "அடுத்து, நம்ம அத்தான் தோட்டத்து மேரக்காய்! இதை எடுத்துட்டுப் போறவங்க காசு தர வேண்டாம், சபை சுமைகூலி தரும்!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று நினைப்பார்களே. ஒருத்தரும் கேட்கவில்லை. எந்த வருஷமும் கேட்பதில்லை. ஆனால் சாயங்காலம் பார்த்தால் மூட்டை இருக்காது, யார் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். அதில் பாருங்கள், ஒவ்வொரு பண்டிகைக்குப் பிறகும் ஒரு வாரம் ஆசீர் மெஸ்ஸில் தினமும் மேரக்காய்க் கூட்டு. எங்கிருந்தோ மலிவாக வாங்கிவிடுகிறான். ஊருக்கெல்லாம் அதைப் போடுவான், தான் மட்டும் தொட மாட்டான். "கடவுள் தண்ணிக்குத் தோல் போர்த்தி விட்டுட்டார் அத்தான், அதுக்குப் பேர் மேரக்காய்" என்பான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த பண்டிகையில் ஆசீர் என் கையால் மேரக்காய் தின்ன வேண்டும். என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்ன வேண்டும். தின்றுவிட்டு மைக்கில் "நல்லா இருக்கு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் நான் சொல்வேன். அவ்வளவுதான் தம்பி. வேறு ஆசை எனக்குக் கிடையாது.

எஸ்டேட் பங்களாவில் பர்னபாஸ் என்று ஒரு சமையல்காரர் இருந்தார். துரைமார் டீக்குக் கேரட் துருவிப் போட்டு ஒரு இனிப்பு ரொட்டி சுடுவார். ஈஸ்ட் கிடையாது, மாவு புளிக்க வேண்டியதில்லை. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் போட்டுக் கலக்கி, கலக்கின கையோடு ஓவனில் வைக்க வேண்டியதுதான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். கேரட் இருந்த இடத்தில் மேரக்காய் இருந்தால் என்ன? எப்சியிடம் வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று உண்டு, மூடியில் கண்ணாடி வைத்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். அதை இறக்கினேன்.

முதல் ரொட்டி களி. மேலே ரொட்டி மாதிரி இருந்தது, கத்தியை விட்டால் கூடவே வந்தது. எப்சி பார்த்துவிட்டு, "கரண்டி எடுத்துட்டு வரவா?" என்றாள். காயில் அத்தனை தண்ணீர்! அடுத்த தடவை துருவலை ஒரு பழைய வேட்டித் துண்டில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். என் பலத்தையெல்லாம் காட்டிவிட்டேன் போலிருக்கிறது, ரொட்டி செங்கல் ஆகிவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. தராசு எதற்கு இருக்கிறது? பிழிவதற்கு முன் நிறுத்தேன், பிழிந்த பின் நிறுத்தேன். பாதிக்குப் பாதி நின்றால் சரி. நாட்டுச்சர்க்கரை, முட்டை, எண்ணெய், ஒரு கரண்டி தயிர், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. தோலைச் சுத்தமாகச் சீவிவிட வேண்டும். பச்சை ஒரு பொட்டுத் தெரிந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ரகசியம் காப்பதில் நான் எஸ்டேட் கணக்குப் பெட்டி போல, பூட்டினால் பூட்டினதுதான். எப்சியிடம் வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்கினேன். அவள் தினமும் மத்தியானம் ஆசீர் வீட்டுக்குப் போய் அவன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பாள், இருந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. தோலை வெளியே கொட்டினால் தெரிந்துவிடும் என்று, சரளா எழுந்திருக்கும் முன் அவள் பசுவுக்குப் போட்டுவிடுவேன். காயைத் தின்னாத பசு தோலை ஆசையாகத் தின்றது. பசு என்ன, வாய் திறந்து சொல்லவா போகிறது?

ஒத்திகை ரொட்டிகளை நாங்கள் இரண்டு பேரே தின்று தீர்க்க முடியுமா? தெருவில் கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் கதவைச் சாத்தவில்லை. சரளா கேட்டாள்:

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"மாவு, சர்க்கரை, முட்டை."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண். அடுத்த வாரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "போன தடவைக்கு இந்தத் தடவை நல்லாப் பிழிஞ்சிருக்கீங்க அண்ணாச்சி!" என்றாள். நான் கொடியில் காயப்போட்டிருந்த வேட்டியைத்தான் சொல்கிறாள் என்று, "ஆமாம்மா, வெயில் இல்லையே" என்றேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் மாட்டியிருப்பேன். மேரக்காய்ப் பால் கையில் பட்டால் தோல் பிசுபிசுவென்று ஒட்டி உரியும். ஞாயிற்றுக்கிழமை கை குலுக்கும்போது போதகர் பார்த்துவிட்டார்.

"கையில என்ன ஏசடியான்?"

"சோப்பு ஒத்துக்கல ஐயா."

"ஆமாமா, இந்தச் சீசன்ல மலையில நெறையப் பேருக்குச் சோப்பு ஒத்துக்காது" என்றார். நல்ல மனுஷன், எதையும் நம்பிவிடுவார்.

பண்டிகை வந்தது. அன்றைக்குச் சுட்ட ரொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடுவில் சன்னமாக ஒரு வெடிப்பு, மேலே தேன் நிறம், அழுத்தினால் அமுங்கி எழுந்தது. ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆசீர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "என்னத்தான், குழந்தையா? ஞானஸ்நானத்துக்கா?" என்றான்.

ஏலம் ஆரம்பித்தது. கேரட் மூட்டை போயிற்று, தேன் போயிற்று, ஆட்டுக்குட்டி போயிற்று. எங்கள் தெருவே வந்திருந்தது. சரளாகூட வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆசீர் தட்டைத் தூக்கினான்.

"நம்ம அத்தான் தன் கையால சுட்ட இனிப்பு ரொட்டி! இதுக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுந்தான் தெரியும்!"

சிரிப்பு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவன் எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

அப்புறம் பாருங்கள் தம்பி, கை மேல் கை. எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடுத்தார்கள். ஆட்டுக்குட்டி போன விலைக்கு என் ரொட்டி போயிற்று! தட்டு அவர்கள் கைக்குப் போயிற்று. இனி வெட்டுவார்கள், ஆசீருக்கும் ஒரு துண்டு கொடுப்பார்கள் என்று பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டேன். அவர்கள் எழுந்து நின்று, "திரும்ப!" என்றார்கள்.

மரக்கடை வில்சன் எடுத்தார். "திரும்ப!" தையல்கடைக்காரர் எடுத்தார். "திரும்ப!" ஒவ்வொரு தடவையும் கைதட்டல். ரொட்டி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒருத்தர் முகர்ந்து பார்க்கிறார், ஒருத்தர் விரலால் அழுத்துகிறார். ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது.

எப்சியிடம் சொன்னேன்: "யாருமே திங்க மாட்டேங்கிறாங்களே."

"மரியாதைங்க அது! சேவலுக்குக் கெடைச்ச மரியாதை!"

"சேவல் மறுநாளும் சேவல்தானடி. ரொட்டி காயுதே."

பெருமையாக உட்காருங்கள் என்று என் தொடையில் தட்டினாள். எப்படி உட்காருவது? மூட்டையை யாரும் கேட்காதபோதுகூட எனக்கு இத்தனை துடிப்பு இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள், ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறார்கள்! மேடையில் ஆசீர் அதைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நிற்கிறான். அவன் வாய்க்கும் ரொட்டிக்கும் ஒரு முழம் இருக்காது. அந்த வாய் கத்திக்கொண்டே இருக்கிறது, கடிக்கத்தான் இல்லை. "கடைசி ஏலம்! இதுக்கப்புறம் போதகர் வீட்டுக்குப் போகுது! யார் கேக்கறது?" என்றான். போதகர் வீட்டுக்குப் போனால் போனதுதான். அவருக்குச் சர்க்கரை வியாதி.

யாரோ ஒரு விலை கேட்டார்கள். "ஒரு தரம்!" என்றான் ஆசீர். "ரெண்டு தரம்!" கால் தானாக எழுந்தது தம்பி. நான் கேட்கவில்லை, என் கால்தான் கேட்டது.

"ஐநூறு அதிகம்!" என்றேன். என் குரல்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. படைத்தவனே ஏலம் கேட்டது எங்கள் சபையில் நடந்ததே இல்லை. ஆசீர் வாய் பிளந்து நின்றான். "அத்தான்... ஒரு தரம்" என்றான். எல்லாரும் என்னையே பார்க்கிறார்களே, அந்தப் பதற்றத்தில் நான் மறுபடியும் "இன்னும் ஐநூறு!" என்றேன்.

"அத்தான், உங்களுக்கு மேல நீங்களே கேக்கறீங்க!"

"பரவால்ல, எழுது!"

"ரெண்டு தரம்..."

"இன்னும்..." என்று நான் வாயெடுத்தேன். எப்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க, வீடு போயிரும்!" அதற்குள் ஆசீர் அவசர அவசரமாக, "மூணு தரம், மூணு தரம், மூணு தரம்!" என்று மேசையைத் தட்டிவிட்டான். அப்படி ஒரு சிரிப்பைக் கோத்தகிரி கேட்டிருக்காது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மேடைக்குப் போனேன். எல்லாரும் ஒரே குரலில் "திரும்ப! திரும்ப!" என்று கத்துகிறார்கள். ஆசீர் மைக்கை என் வாய்க்குக் கொண்டுவந்தான். "சொல்லுங்க அத்தான், திரும்பவா?"

"இல்ல. கத்தி" என்றேன்.

கத்திக்கு எங்கே போவது? வாழைத்தார் வெட்டிய அரிவாள் ஒன்று மேசையடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். அரிவாளால் ரொட்டி வெட்டினவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வெட்டினாலும் துண்டு கோணவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முதல் துண்டை எடுத்தேன். "வாயைத் தொற" என்றேன்.

ஆசீர் திறந்தான். சின்னப் பையன் மாதிரித் திறந்தான். மைக் பக்கத்தில் இருந்ததால் அவன் மெல்லுகிற சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. மென்றான். கண்ணை மூடினான். மூடின கண்ணில் தண்ணீர் வந்தது. சுக்கு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று நினைக்கிறேன். விழுங்கினான்.

"நல்லா இருக்கு அத்தான்" என்றான். கத்தவில்லை. ஆசீர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு."

நான் மைக்கை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். "மேரக்காய்! அது மேரக்காய்!"

ஐயோ தம்பி, அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து, "மேரக்காயா!" என்றார்கள். ஒத்திகை பார்த்த பாட்டுக்குழு மாதிரி ஒரே குரல். சரளா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "சத்தியமாவா அண்ணாச்சி? நம்பவே முடியலையே!" என்றாள். டாக்டரம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். போதகர், "அப்படியா, அப்படியா" என்று இரண்டு தடவை கேட்டார். ஆசீரோ தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டான், எப்சி விசிற வேண்டியதாயிற்று. "ஏமாத்திட்டீங்களே அத்தான், இத்தனை பேரையும் ஒரு ஆளா ஏமாத்திட்டீங்களே!" என்று புலம்பினான். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூடப் போய்விட்டது. அவனைத் தட்டிக்கொடுத்து இன்னொரு துண்டு கொடுத்தேன். அதையும் தின்றான், தெரிந்தே தின்றான்!

அன்றிலிருந்து நான் இப்படித்தான் தம்பி, பேசிக்கொண்டே இருக்கிறேன். ஊருக்கும் மேரக்காயின் அருமை தெரிந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூட்டை மூட்டையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் வைத்தது என்றுகூடச் சொல்வதில்லை. அவ்வளவு மரியாதை.

ஆனால் அடுத்த பண்டிகைக்கு மேரக்காய் கிடையாது. ஊருக்கே தெரிந்துபோனதை மறுபடி சுட்டால் அதில் என்ன ருசி? வேறு ஒரு காய் எடுத்திருக்கிறேன். எப்சிக்கு மட்டும்தான் தெரியும். இந்தாருங்கள், ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள். உள்ளே கருஞ்சிவப்பாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், நிறம் ஏமாற்றும். ம், சொல்லுங்கள், என்ன காய்? கேரட்டா? இல்லை. பூசணியா? சேச்சே. நன்றாக மென்று சொல்லுங்கள், அவசரமே இல்லை. முள்ளங்கியா! என்ன தம்பி, முள்ளங்கியில் யாராவது ரொட்டி சுடுவார்களா? தெரியவில்லையா? நிஜமாகவே தெரியவில்லையா?

பார்த்தீர்களா! தின்றுகொண்டிருக்கிற உங்களுக்கே தெரியவில்லை, ஆசீருக்கு எங்கே தெரியப் போகிறது!